வளைவுக்குள் வண்டி வராது

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அங்கே நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் புத்தகம் நேற்று வந்தது. தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு அட்டைப் படத்தைப் பார்த்தார், பிறகு நம் கதவைப் பார்த்தார். "இதே கதவுதானா டாக்டரம்மா? போட்டோல நல்லாத்தான் இருக்கு" என்றார். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் சொன்னார்.

போனில் பேசலாமே என்பாய். நான் பேச ஆரம்பித்த இரண்டாவது நிமிடமே நீ 'ம்ம்' போட ஆரம்பித்துவிடுகிறாய். கடிதத்துக்கு யாரும் 'ம்ம்' போட முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். முழுதாகப் படி.

புத்தகத்தை ஒரே மூச்சில் படித்துவிட்டேன். நம் தெருவின் நுழைவாயில் வளைவு, பாவிய கல், இரும்புக் கிராதி, சுண்ணாம்புப் பூச்சு எல்லாவற்றையும் பிரமாதமாக எழுதியிருக்கிறாய். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் கழிவறை பற்றி ஒரு வரி இல்லை. இந்தத் தெருவில் இருந்தவர்கள் காற்றைக் குடித்துக் காற்றையே கழித்தார்களா? அப்பா இந்த வீட்டை வாங்கியபோது 'பாரம்பரியம்' என்ற சொல் வளைவுக்குள் நுழைந்திருக்கவில்லை. "அந்த நாத்தம் புடிச்ச தெருவா?" என்று கேட்டு எனக்கு வந்த இரண்டு வரன்கள் திரும்பிப்போனது உனக்கு நினைவிருக்காது, நீ சின்னவன். இன்றைக்கும் அதே நாற்றம், அதே ஈரச் சுவர்தான். வளைவில் பலகை வைத்துவிட்டதால் மக்கள் வரிசையில் நின்று முகர்கிறார்கள்.

சுற்றிக்காட்டுகிறவர் தினமும் காலை பதினொரு மணிக்கு இருபது பேரைக் கூட்டிவந்து நம் ஜன்னலுக்கு எதிரே நிறுத்துகிறார். நம் சாமான் அறையில் ஒரு தளபதி ஆறு மாதம் ஒளிந்திருந்தாராம். அங்கே ஒளிந்திருந்தது உன் பழைய சைக்கிளும் பெருச்சாளியும்தான். போன வாரம் ஒரு பெரியவருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்டிருந்தேன். வாய் நிறைய ரத்தத்தோடு அவர் கிடக்க, வெளியிலிருந்து இரண்டு பேர் படம் எடுக்கிறார்கள். அதற்குத் தெருச் சங்கத் தலைவர் எனக்குச் சுற்றறிக்கை விடுகிறார்: மருத்துவமனைப் பலகை தெருவின் அழகைக் கெடுக்கிறதாம், மாடியில் துணி காயப்போடக் கூடாதாம்.

விஷயத்துக்கு வருகிறேன். பதின்மூன்று நாளாகச் சாக்கடை அடைத்துக்கொண்டு சமையலறைக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் இடத்தில் கறுப்புத் தண்ணீர் பொங்குகிறது. எதிர்வீட்டில் நேற்று என்ன சாப்பிட்டார்கள் என்று என்னால் சொல்ல முடியும், அந்த அளவுக்கு. முப்பத்தோரு வருடம் ஊரார் வாய்க்குள் கைவிட்டவள் நான். எனக்கே சோறு இறங்கவில்லை. மாநகராட்சி உறிஞ்சு வண்டி வந்தது. வளைவுக்கு நடுவில் சங்கத்தார் இரும்புத் தூண் நட்டுப் பூட்டு போட்டிருக்கிறார்களே, அங்கேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கனரக வண்டி வந்தால் கல் விரியுமாம்.

நீ அவர்களுக்கு ஆலோசகர். உன் பேச்சுக்குத் தலைவர் எழுந்து நிற்பார். "வண்டியை விடுங்கள்" என்று ஒரு வார்த்தை எழுதிவிடு. அக்கா உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 19

என் அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. நீ எழுத வந்திருந்தால் எங்களுக்கெல்லாம் பிழைப்பு போயிருக்கும்.

புத்தகத்துக்கு இங்கே நல்ல வரவேற்பு. பல்கலைக்கழகத்தில் ஒரு மாலைக் கூட்டம் வைத்தார்கள். நம் வாசற்படியைத் திரையில் காட்டி, "இதில்தான் என் அக்கா என்னை உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள்" என்றேன். அரங்கமே கைதட்டியது. 

சாக்கடை விஷயம் வருத்தமாக இருக்கிறது. பழைய வீடு என்றால் கொஞ்சம் வாசம் இருக்கத்தான் செய்யும் அக்கா. அந்தச் செங்கல் சாக்கடையும் ஓர் அற்புதம், தெரியுமா? முட்டை வடிவத்தில் கட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்து மூளை! சங்கத்துக்கு நான் அவசியம் எழுதுகிறேன். நாளைக்கே எழுதிவிடுகிறேன், கவலைப்படாதே.

இதற்கிடையில் உனக்கு ஒரு சிறு பார்சல் அனுப்பியிருக்கிறேன். வாசனை மெழுகுவத்தி, ஆறு. கைவேலைப்பாடு. சமையலறையில் ஒன்று ஏற்றிவை, எல்லாம் சரியாகும். உன் மூக்கு சின்ன வயதிலிருந்தே கூர்மை. நான் கால் கழுவாமல் வந்தால் மாடியிலிருந்தே கண்டுபிடிப்பாய்!

உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன்,
தம்பி


ஏப்ரல் 8

அன்புள்ள தம்பிக்கு,

மெழுகுவத்தி வந்தது. ஏற்றினேன். முன்பு சாக்கடை சாக்கடையாக நாறியது. இப்போது தலைக்குப் பூ வைத்துக்கொண்டு நாறுகிறது. மிச்சம் ஐந்தைப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன்.

நீ சங்கத்துக்கு எழுதியாயிற்றா? அவர்கள் பக்கம் ஓர் அசைவும் இல்லை. வண்டிக்குப் பதிலாக அடைப்பு எடுக்கிறவரை அனுப்பினார்கள். இந்தப் பேட்டை முழுக்க அவரை 'அடைப்புக்காரர்' என்றுதான் கூப்பிடுகிறது. ஐம்பது வயது இருக்கும், ஒல்லி, எதற்கும் சிரிக்கிற முகம். கூடக் கயிறு பிடிக்க அவர் மச்சான். மேன்ஹோல் மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்ததும் தெருவில் அத்தனை ஜன்னலும் டபடபவென்று மூடிக்கொண்டன. இருந்த இரைச்சலில் அது கைதட்டுகிற மாதிரி கேட்டது. அவர் அரைக்கால் சட்டையோடு இறங்கினார். கையுறை இல்லை, முகமூடி இல்லை. வாளி வாளியாக மேலே வந்ததை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் இந்தக் காகிதத்தை நீ தொட மாட்டாய்.

மதியம் வாசலில் தண்ணீர் கேட்டார். கன்னம் வீங்கியிருந்தது. "பல்லு வலியா?" என்றேன். "அது கிடக்குது டாக்டரம்மா, ஒரு வருஷமா" என்றார். குழாயடியில் குளிக்கச் சொல்லி உள்ளே உட்காரவைத்தேன். நாற்காலியைச் சாய்த்ததும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கீழ எத்தனை ஆழம் வேணாலும் இறங்குவேன்மா. இந்த நாற்காலிதான் பயம்."

"நான் மாஸ்க் போட்டுக்கிட்டுத்தான் ஒரு வாய்க்குள்ள பார்க்கிறேன். நீங்க ஒண்ணும் இல்லாம ஒரு தெரு வாய்க்குள்ள இறங்குறீங்க. உங்களுக்கா பயம்?" என்றேன். சிரித்தார். சிரித்த நேரத்தில் ஊசியைப் போட்டுவிட்டேன்.

போகும்போது சொன்னார்: "வண்டி வந்தா அரை மணி நேர வேலைம்மா இது. நான் எடுத்தா மேலாக்கதான் போவும். அடியில கல்லாட்டம் இறுகிக் கிடக்குது. அங்க வாயு நிக்கும். அதுக்கு நான் போகக் கூடாது, யாருமே போகக் கூடாது."

மறுநாள் சங்கக் கூட்டத்துக்குப் போனேன். தலைவர் வீட்டுக் கூடம் உனக்குத் தெரியும், கதவுக் கைப்பிடியில் உன் முகமே தெரியும், அவ்வளவு பளபளப்பு. கேக்கும் டீயும் சுற்றுக்கு வந்தன. அந்த வாடையில் அவர்களால் எப்படிக் கேக் தின்ன முடிந்தது என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

"வண்டி பதினாலு டன் டாக்டர். கல்லு தாங்காது" என்றார் தலைவர்.

"உள்ள இறங்குற ஆளு தாங்குவாரா?"

"அவங்களுக்கு அது பழக்கம்தானே."

 ஓர் அம்மாள் கேக்கின் மேலிருந்த செர்ரியை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். தலைவர் சொன்னார்: "நாங்களா எதுவும் முடிவு பண்ணல. நிபுணர் கருத்து எழுத்துல இருக்கு." எந்த நிபுணர் என்றேன். சிரித்துவிட்டு எனக்கு இன்னொரு துண்டு கேக் வைத்தார்.

அது யார் என்று உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தால் அவரிடம் பேசு.

அக்கா


ஏப்ரல் 27

என் அன்பு அக்காவுக்கு,

நீ அந்த மனிதருக்குப் பல் பார்த்ததைப் படித்து மனம் நெகிழ்ந்தேன். உன்னைத் தவிர அந்தத் தெருவில் யார் செய்வார்கள்!

நிபுணர் கருத்து பற்றிக் கேட்டிருந்தாய். இப்படிப் பல குறிப்புகள் பலரிடமிருந்து போகும். நானும் ஏதாவது பொதுவாகச் சொல்லியிருக்கலாம், சரியாக நினைவில்லை. ஒன்றைப் புரிந்துகொள், ஒரு வண்டியை விட்டால் நாளைக்குப் பத்து வண்டி வரும், அப்புறம் அது தெருவாக இருக்காது, வெறும் சாலையாகிவிடும்.

இப்போது நல்ல செய்தி. ஜூன் மாதம் நம் தெருவுக்குப் பாரம்பரியத் தகுதி வழங்கி, வளைவில் வெண்கலத் தகடு பதிக்கிறார்கள். பேச என்னை அழைத்திருக்கிறார்கள். ஒன்பது வருடம் கழித்து நம் வீட்டில் படுக்கப்போகிறேன்! வெளிநாட்டிலிருந்தும் சிலர் வருவார்கள். விழாவுக்கு முன் அடைப்பை முழுதாக எடுத்துவிடத் தலைவர் ஏற்பாடு செய்கிறாராம், உன் தொல்லையும் தீரும். ஒரே ஒரு வாரம் மட்டும் உன் பலகையைக் கழற்றிவைப்பாயா? கோபப்படாதே. படம் எடுப்பார்கள், அதனால்தான்.

என்றும் உன்,
தம்பி


மே 16

தம்பிக்கு,

அடைப்புக்காரர் செத்துப்போனார்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி. தலைவருக்கு மேல்வரிசைப் பல்செட் புதிதாக வேண்டியிருந்தது, விழாவில் பேச வேண்டுமே. அச்சு எடுக்கிற பசையைத் தட்டில் வைத்து அவர் வாயில் அழுத்திவிட்டு, இறுகுவதற்காகக் காத்திருந்தேன். தெருவில் மேன்ஹோல் திறக்கிற சத்தம் கேட்டது. "யாரை எறக்குறீங்க? அடியில வாயு இருக்குன்னு அவரே சொன்னாரே?" என்றேன். வாய் நிறையப் பசையோடு தலைவர் கையை மட்டும் ஆட்டினார், 'அதெல்லாம் ஒன்றுமில்லை' என்பதுபோல.

எச்சில் அவர் தாடையில் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கப் பஞ்சு எடுக்கத் திரும்பினேன். அப்போது மச்சானின் குரல் கேட்டது. "மாமா! மாமா, கயித்தப் புடி! மாமா!" மூன்று தடவை கூப்பிட்டார். நான்காவது தடவை வந்தது கூப்பாடு இல்லை, ஊளை.

ஓடினேன். குழிக்குள் இருட்டைத் தவிர எதுவும் தெரியவில்லை. இறங்கப் போன மச்சானை நானும் ரொட்டிக் கடைக்காரரும் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டோம். இல்லையென்றால் இரண்டாகியிருக்கும். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தேன். ஆறே நிமிடத்தில் வண்டி வந்துவிட்டது தம்பி. ஆறே நிமிடம். வந்து வளைவில் நின்றுவிட்டது.

இரும்புத் தூணின் பூட்டு திறக்கவில்லை. விழாவுக்காகத் தூணுக்குப் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பூட்டின் மேலும் சாவித் துளையின் மேலும் சேர்த்து அடித்துவிட்டார்கள். காவலாளி சாவியை வைத்துக் குத்திக்கொண்டே நின்றார். தீயணைப்பு வீரர் சம்மட்டியை ஓங்கினார். அதற்குள் தலைவர் நான் கட்டிவிட்ட மார்புத் துணி கழுத்தில் தொங்க அங்கே வந்துவிட்டார். வாயிலிருந்த தட்டைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, ரோஸ் நிறப் பசை உதட்டில் ஒட்டியிருக்க, "மெதுவா, மெதுவா! வளைவு பழசு! பக்கத்துக் கல்லுல பட்டுடும்!" என்றார். என் காதால் கேட்டேன்.

அவர்கள் வண்டியை விட்டுவிட்டுச் சிலிண்டரைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள். அவரை மேலே எடுத்தபோது பதினேழு நிமிடம் ஆகியிருந்தது. வாயிலும் மூக்கிலும் இருந்ததை நான்தான் விரலால் தோண்டி எடுத்தேன். மார்பை அழுத்தினேன், ஊதினேன். வாயில் என் வாயை வைத்து ஊதினேன் தம்பி. உனக்கு அருவருப்பாக இருக்கும், இருக்கட்டும். எனக்கு அவர்மேல் அருவருப்பு வரவில்லை. சுற்றிலும் மாடிகளில் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றவர்களை நிமிர்ந்து பார்த்தேன். அப்போதுதான் குமட்டியது.

பதினொரு மணிக்குச் சுற்றுலாக் கூட்டம் வந்தது. சுற்றிக்காட்டுகிறவர் கொஞ்சமும் முகம் மாறாமல் அவர்களைப் பின்சந்துக்குத் திருப்பிவிட்டார். மாலைக்குள் கல்லெல்லாம் வாசனை மருந்து ஊற்றிக் கழுவியாயிற்று.

விசாரணைக்கு வந்த போலீஸ் அதிகாரி என் முன்னறையில்தான் உட்கார்ந்தார். தலைவர் கோப்போடு வந்து, "எங்க மேல தப்பில்ல சார், நிபுணர் கருத்துப்படிதான்" என்று ஒரு காகிதத்தை நீட்டினார். அதிகாரி உரக்கப் படித்தார். "எக்காரணம் கொண்டும் கனரக வாகனங்களை வளைவுக்குள் அனுமதிக்கலாகாது. துப்புரவுப் பணி இங்கு நெடுங்காலமாக மனிதக் கரங்களாலேயே நடந்துவந்துள்ளது. அதுவும் இத்தெருவின் மரபில் ஒரு பகுதியே."

தேதி மார்ச் 20. 'நாளைக்கே எழுதிவிடுகிறேன்' என்று எனக்கு எழுதினாயே, அந்த நாளைக்கு. சொன்ன சொல் தவறவில்லை நீ.

கையெழுத்தை எனக்குக் காட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. உன் கையைப் பிடித்து எழுதப் பழக்கினவள் நான்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். நாற்றம் தாங்கவில்லை என்று நான் மாநகராட்சிக்கு எழுதிய புகார்கள் மூன்று இருக்கின்றன. ஒன்றில்கூட 'ஆளை இறக்காதீர்கள்' என்று எழுதவில்லை. என் மூக்கைப் பற்றி மட்டுமே எழுதியிருக்கிறேன்.

அக்கா


மே 29

அன்பு அக்கா,

 இரண்டு நாளாக நான் சாப்பிடவில்லை. அப்படி நடக்கும் என்று யார் நினைத்தார்கள்? அது ஒரு வரி அக்கா. ஒரு வாக்கியம் முடிகிற அழகுக்காக எழுதினது. நான் மனதில் நினைத்தது அந்தத் தொழிலாளிகளின் உழைப்புக்கு ஒரு மரியாதை. அதைப் போய் இப்படிப் பொருள் கொள்வார்கள் என்று எனக்குத் தெரியுமா?

விழாவைத் தள்ளிவைத்துவிட்டார்கள். விசாரணைக் குழு அமைத்திருக்கிறார்களாம், எனக்கும் அழைப்பு வந்திருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கும் யாரோ தகவல் சொல்லிவிட்டார்கள். துறைத்தலைவர் இன்று என்னைப் பார்த்த பார்வையே வேறு.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? குழு உன்னையும் விசாரிக்கும். நீ டாக்டர், உன் வார்த்தைக்கு மதிப்பு உண்டு. வளைவு மிகவும் குறுகல், எந்த உத்தரவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வண்டி உள்ளே நுழைந்திருக்க முடியாது என்று மட்டும் நீ சொன்னால் போதும். பொய் சொல்லச் சொல்லவில்லை. யாரும் அளந்து பார்க்கவில்லை அல்லவா? உன் பார்வையில் குறுகலாகத் தெரிந்தது என்று சொல். என் கடிதம் தானாகவே முக்கியமில்லாமல் போய்விடும். இதைப் படித்துவிட்டுக் கிழித்துவிடு.

போனவர் திரும்பி வரப்போவதில்லை. அவர் குடும்பத்துக்கு என்ன செய்ய வேண்டுமோ செய்வேன். ஆனால் நமக்கு அம்மா இல்லை, அப்பா இல்லை. உனக்கு நான், எனக்கு நீ. வேறு யார் இருக்கிறார்கள்?

உன்,
தம்பி


ஜூன் 14

தம்பிக்கு,

'யாரும் அளந்து பார்க்கவில்லை அல்லவா' என்று எழுதியிருந்தாய். அதனால் அளந்தேன். மச்சான் டேப்பின் ஒரு முனையைப் பிடித்தார், நான் மறுமுனையைப் பிடித்தேன். வளைவு மூன்றேகால் மீட்டர். வண்டி இரண்டரை மீட்டர். வீட்டு ஜன்னல்களிலிருந்து எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இரண்டு தடவை அளந்தேன்.

அளக்கவும் தேவையில்லாமல் போயிற்று. போன திங்கட்கிழமை மாநகராட்சி ஆட்கள் தூணை அறுத்து எறிந்துவிட்டு உறிஞ்சு வண்டியை உள்ளே கொண்டுவந்தார்கள். இருபத்தைந்து நிமிடம். ஒரு கல் விரியவில்லை. தலைவர் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே வண்டிக்குப் பின்னால் நடந்தார், விரிசல் கிடைக்காதா என்ற ஏக்கம் முகத்தில் தெரிந்தது. சமையலறையில் இப்போது வாடை இல்லை. எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை.

அடைப்புக்காரரின் மனைவியைப் போய்ப் பார்த்தேன். பேருந்தில் முக்கால் மணி நேரம். ஒரு தையல் கம்பெனியில் பொத்தான் வைக்கிற வேலை செய்கிறவர். நான்காவது மாடியில் ஓர் அறை, தரையில் முகம் பார்க்கலாம், அப்படித் துடைத்து வைத்திருக்கிறார். வாசலுக்கு வெளியே மாடிப்படியில் ஒரு வாளி, ஒரு சோப்பு, ஒரு மாற்று உடை. கணவர் அங்கே குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவாராம். வாளியை எடுத்துவைக்க இன்னும் மனம் வரவில்லை என்றார்.

"அந்த லெட்டர் எழுதினவரு அந்தத் தெருவுல இருந்திருக்காராம்மா? இல்ல, சும்மா படத்தைப் பார்த்து எழுதினதா?" என்று கேட்டார்.

நான் சொன்னேன்: "அந்த வீட்டுலதான் பொறந்தான். என் தம்பி."

அவர் திட்டவில்லை, அழவில்லை. எனக்காக ஊற்றிய டீயை என் முன்னால் வைத்தார். தன் டம்ளரை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்று குடித்தார்.

எழுந்து வரும்போது, வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன்: "எங்க வீட்டு மாடி காலியா இருக்கு. நீங்க வந்து இருக்கலாம். உங்க கம்பெனிக்கும் பக்கம்."

திரும்பி என்னைப் பார்த்தார். "அந்தத் தெருவுலயா? வேணாம்மா. எனக்குக் குமட்டும்."

அவ்வளவுதான். படியிறங்கும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. இல்லாத பெருந்தன்மையைக் காட்டப் போய் வாங்கிக்கட்டிக்கொண்ட வெட்கம்.

உன் மே 29 கடிதத்தை நான் கிழிக்கவில்லை. அதையும் மார்ச் 19 கடிதத்தையும் குழுவிடம் கொடுக்கப் போகிறேன். பிறகு தெரிந்து நீ திடுக்கிட வேண்டாம் என்பதற்காக முன்கூட்டியே சொல்கிறேன். நீ தவறாக ஒரு வரி எழுதினாய் என்றால் உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன். அந்த வரிக்கு அழகு பார்த்தாய், அதுதான் தாங்கவில்லை. கோபம் என்றால் ஆறும். உன்மேல் எனக்கு வந்திருப்பது கோபம் இல்லை.

விசாரணைக்கு வரும்போது இங்கே தங்க வேண்டாம். நானும் ஆகஸ்டில் இந்தத் தெருவை விட்டுப் போகிறேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்திருக்கிறேன். பலகையை யாரும் கழற்றச் சொல்லாத இடம்.

அக்கா


ஜூலை 10
(விடுதி ஆள் கையில்)

அக்கா,

நேற்று விசாரணையில் உன்னைப் பார்த்தேன். முடி முழுக்க வெளுத்துவிட்டது. என் கடிதத்தை நீயே எழுந்து நின்று படித்தாய், ஒரு சொல் தடுக்கவில்லை. அதிகாரி என்னைக் கேட்டபோது 'நினைவில்லை' என்று சொல்லத்தான் வாய் வந்தது. நீ படித்த பிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை. 'நான்தான் எழுதினேன்' என்று ஒப்புக்கொண்டேன். அதைக் கேட்டாய்தானே?

வெளியே படிக்கட்டில் 'அக்கா' என்று கூப்பிட்டேன். நீ திரும்பினாய். எனக்கு உயிரே வந்தது. நீ என்னைக் கடந்து போய், எனக்குப் பின்னால் நின்ற, இறந்தவரின் மனைவியின் கையைப் பிடித்துப் படியிறக்கிவிட்டாய்.

நாளை மாலை விமானம். இன்று நாள் முழுக்க விடுதியில்தான் இருப்பேன். மன்னிக்கச் சொல்லவில்லை. வந்து திட்டு, அடி. வெறுமனே ஒரு மணி நேரம் எதிரே உட்கார். நான் வந்தால் கதவைத் திறக்க மாட்டாய் என்று தெரியும். அதனால் நீ வா.

தம்பி


ஜூலை 11
(விடுதி வரவேற்பில் கொடுக்க)

தம்பிக்கு,

நேற்று வந்தேன்.

வர மாட்டேன் என்றுதான் இருந்தேன். 'நான்தான் எழுதினேன்' என்றாயே, அந்தக் குரல் விடவில்லை. மூன்று மணிக்கு நோயாளிகளை அனுப்பிவிட்டுக் கிளம்பினேன். வரும் வழியெல்லாம் உன்னிடம் என்ன பேசுவது என்று யோசித்தேன். முதலில் 'சாப்பிட்டாயா' என்று கேட்பது என்று முடிவுசெய்தேன்.

நீ கீழே, வரவேற்பறையில் தூணுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாய். எதிரே இரண்டு பேர். மேசையில் உன் புத்தகம். பேச்சு முடியட்டும் என்று இந்தப் பக்கச் சோபாவில் உட்கார்ந்தேன். உன் முதுகுக்கும் எனக்கும் நடுவில் ஒரு பூந்தொட்டிதான் இருந்தது.

"ரெண்டாம் பதிப்புக்கு இதுதான் சரியான நேரம்" என்று அவர்களில் ஒருவர் சொன்னார்.

நீ சொன்னாய்: "அந்த மரணத்தோட ஆரம்பிக்கலாம்னு பார்க்கிறேன். முதல் அத்தியாயமே சாக்கடை. அந்த மனுஷன் இறங்குற காட்சி. எங்க அக்கா வாயோட வாய் வச்சு ஊதுனா, தெரியுமா? அதெல்லாம் அவ கடிதத்துலயே இருக்கு. அப்படியே எடுத்துக்கலாம்."

அவர்கள் 'அடடா' என்றார்கள். நீ கையை உயர்த்தி வளைவை வரைந்து காட்டினாய். உன் குரலில் துக்கம் இருந்தது. நடிப்பு இல்லை, நிஜமான துக்கம். அதைக் கேட்டதும்தான் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நடிக்கிறாய் என்றால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

எழுந்து வந்துவிட்டேன்.

என் கடிதங்களை நீ எதிலும் போடக் கூடாது. எழுதியவள் நான், அனுமதி இல்லை. குழுவிடமும் எழுதிக் கொடுத்துவிட்டேன், இன்று காலை. அடைப்புக்காரரின் மனைவியிடமும் சொல்லிவிட்டேன். அவர் வீட்டுப் பக்கம் யாராவது புத்தகம் எழுதுகிறேன் என்று வந்தால் கதவைச் சாத்திவிடச் சொல்லியிருக்கிறேன். "வேற யாரும்மா வரப்போறாங்க?" என்றார். 

பதில் எழுதாதே. எழுதினாலும் இந்த முகவரியில் வாங்க ஆள் இருக்காது. புது முகவரி உனக்கு வேண்டாம்.

விடுதியை விட்டு வெளியே வந்த பிறகுதான் மழை பெய்வதைக் கவனித்தேன். குடையைச் சோபா ஓரத்திலேயே விட்டுவிட்டேன். நீலக் குடை. வரவேற்பில் எடுத்து வைத்திருப்பார்கள், உன்னைக் கேட்பார்கள். எனக்கு அது வேண்டாம். நீ எடுத்துக்கொண்டு வராதே.

வேறெப்படிக் கையெழுத்திடுவது என்று தெரியாததால்,
அக்கா